ஆபீஸ் சாஃப்ட்வேர்ல லாகின் ஆகலையா? ஸ்க்ரீன்ல என்ன காட்டுதுன்னு பாத்து சரி பண்ணுங்க, பூட்டை கழட்டாதீங்க

லாகின் ஆகலன்னா நம்ம ஆபீஸ்கள்ல முதல்ல நடக்குறது பக்கத்து சீட்டுக்காரங்க ஐடியை வாங்கி அன்னைக்கு வேலையை முடிச்சுக்கிறது, அதுவும் ஆகலன்னா ஐடி ஆளுக்கு போன் போட்டு "அந்த டூ ஸ்டெப்பை மட்டும் கொஞ்சம் ஆஃப் பண்ணி விடுங்களேன்"னு கேக்குறது (பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஓடிபியோ வேற கோடோ கேக்குறதுதான் டூ ஸ்டெப்). வேலை நடந்துடும், ஆனா ஆஃப் பண்ணதை திரும்ப ஆன் பண்ண யாருக்கும் ஞாபகம் வராது, ஒரே ஐடியில நாலு பேர் உள்ள போனா நாளைக்கு ஒரு இன்வாய்ஸ் மாறியிருந்தா யார் மாத்துனாங்கன்னே கண்டுபிடிக்க முடியாது. நான் பாத்த வரைக்கும் லாகின் பிரச்சனை பெரும்பாலும் பாதுகாப்புல கை வைக்காமலே சரியாகுற விஷயம்தான், காரணம் தெரிஞ்சா போதும். அதனால உங்க ஸ்க்ரீன்ல என்ன காட்டுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க. மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோ, கூகுள் வொர்க்ஸ்பேஸ், டேலி, ஈ-வே பில் போர்ட்டல்னு நம்ம ஆபீஸ்கள்ல தினமும் தொறக்குறதை வச்சே சொல்றேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூணு விஷயம் மட்டும் பாத்துருங்க. எர்ரர் மெசேஜை முழுசா படிங்க, க்ளோஸ் பண்றதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா "ஏதோ எர்ரர் வந்துச்சு"ன்னு சொன்னா எவ்வளவு பெரிய ஐடி ஆளாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது, பக்கத்துல இருக்கவங்களுக்கும் ஆகலையான்னு கேளுங்க, எல்லாருக்குமே ஆகலன்னா பிரச்சனை உங்க பாஸ்வேர்ட்ல இல்ல, சர்வர்லயோ நெட்லயோ இருக்கு, காத்திருக்கிறதுதான் வேலை. கடைசியா, ரெண்டு தடவை போட்டு ஆகலன்னா மூணாவது தடவை அதையே போடாதீங்க, ஏன்னா தப்பான முயற்சி கூடக்கூட அக்கவுண்ட் லாக் ஆகி ஒரு பிரச்சனை ரெண்டாகிடும்.

"பாஸ்வேர்ட் கரெக்டாத்தான் போடுறேன், தப்புன்னு சொல்லுது"

முதல்ல கீபோர்ட் மொழியை பாருங்க. தமிழ்ல லெட்டர் டைப் பண்ற ஆபீஸ்ல இது ரொம்ப சகஜம், தமிழ் 99 கீபோர்டை ஆன் பண்ணி ஏதோ அடிச்சிருப்பாங்க, அப்படியே லாகின் பேஜுக்கு வந்தா பாஸ்வேர்ட் பாக்ஸ்ல வெறும் புள்ளியாத்தான் தெரியும், உள்ள போறது தமிழ் எழுத்தான்னு தெரியவே தெரியாது. கீழ வலது பக்கம் டாஸ்க்பார்ல எந்த மொழின்னு பாத்து, விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் பாரை சேத்து அழுத்தி இங்கிலீஷுக்கு மாத்துங்க. கண்ணு படம் போட்ட பட்டன் இருந்தா அதை அழுத்தி என்ன அடிச்சிருக்கோம்னு பாத்துக்கலாம், ஆனா பின்னாடி யாரும் நிக்கலன்னு உறுதி பண்ணிட்டு.

கேப்ஸ் லாக் எல்லாருக்கும் தெரியும், நம் லாக் (Num Lock) கீயை மறந்துடுவாங்க. பாஸ்வேர்ட்ல நம்பர் இருந்து அதை வலது பக்க நம்பர் பேட்ல அடிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு நம் லாக் ஆஃப் ஆயிருந்தா நம்பரே விழாது.

புது பாஸ்வேர்டை யாராவது வாட்ஸப்ல அனுப்பி அதை காப்பி பண்ணி போட்டிருந்தா கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும், போன்ல டைப் பண்ணா முதல் எழுத்தை அதுவே கேபிடல் ஆக்கிடும். அப்புறம் வாட்ஸப்ல பாஸ்வேர்ட் அனுப்புறதையே தயவுசெஞ்சு விட்டுடுங்க, அந்த மெசேஜ் அனுப்புனவர் போன்லயும் வாங்குனவர் போன்லயும் பேக்கப்லயும் வருஷக்கணக்கா கிடக்கும். முதல் தடவை மட்டும் செல்லுற தற்காலிக பாஸ்வேர்டை குடுத்து, உள்ள போனதும் மாத்த சொல்ற செட்டிங் பல சாஃப்ட்வேர்ல இருக்கு.

மைக்ரோசாஃப்ட்ல இன்னொரு குழப்பம் இருக்கு. ஒரே மெயில் ஐடிக்கு ஆபீஸ் அக்கவுண்ட் ஒண்ணு, எப்பவோ சொந்தமா ஆரம்பிச்ச அக்கவுண்ட் ஒண்ணுன்னு ரெண்டு இருக்கலாம், லாகின் பண்றப்ப எதுன்னு கேக்கும், "வொர்க் ஆர் ஸ்கூல் அக்கவுண்ட்"டை விட்டுட்டு பெர்சனலை தொட்டுட்டா ஆபீஸ் பாஸ்வேர்ட் அங்க எப்படி எடுக்கும். ப்ரவுசர் தானா நிரப்புற பழைய பாஸ்வேர்டும் இதே மாதிரிதான், அந்த பாக்ஸை முழுசா அழிச்சுட்டு கையால ஒரு தடவை அடிச்சு பாருங்க.

"லாக் ஆயிடுச்சு, எடுத்து விட்டாங்க, அரை மணி நேரத்துல மறுபடி லாக்"

இதுதான் ஆளை ரொம்ப படுத்துற கேஸ். அட்மின் அன்லாக் பண்ணுவார், நீங்க கரெக்டான பாஸ்வேர்ட் போட்டு உள்ள போவீங்க, டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள திரும்ப லாக். தப்பு உங்க விரல்ல இல்ல, உங்க பழைய பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கிட்டு எங்கயோ ஒரு மெஷின் விடாம தட்டிக்கிட்டே இருக்கு. அது போன மாசம் மாத்துன பாஸ்வேர்டாத்தான் இருக்கணும்னு இல்ல, ரெண்டு மூணு தடவை மாத்துனதுக்கு முன்னாடி எப்பவோ சேவ் ஆனதாக்கூட இருக்கும்.

எங்கெல்லாம் தேடணும்னா, முதல்ல போன்ல இருக்க மெயில் ஆப், அப்புறம் வீட்ல பசங்க யூஸ் பண்ற பழைய டேப்லெட், அதுல உங்க ஆபீஸ் மெயில் போட்டு வச்சிருந்ததே மறந்து போயிருக்கும். அடுத்தது விண்டோஸ்ல கன்ட்ரோல் பேனலுக்குள்ள கிரெடென்ஷியல் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, அதுல உங்க பேர்ல சேவ் ஆகியிருக்க பழசையெல்லாம் ரிமூவ் பண்ணுங்க, ஷேர்ட் ட்ரைவ் கனெக்ட் பண்ணி வச்சிருக்கவங்களுக்கு பெரும்பாலும் இங்கதான் மாட்டும். ஸ்கேன் பண்ணா நேரா ஃபோல்டருக்கு போற மாதிரி செட் பண்ண ஜெராக்ஸ் மெஷின்ல யாரோட ஐடி போட்டிருக்குன்னும் பாருங்க, அது ஒரு ஸ்டாஃபோட சொந்த ஐடியா இருக்கவே கூடாது, ஆனா பல ஆபீஸ்ல இருக்கு. வேற ஒரு கம்ப்யூட்டர்ல லாக் ஆஃப் பண்ணாம ஸ்க்ரீனை மட்டும் மூடிட்டு வந்த செஷனும் இதே வேலையை பண்ணும்.

ஆபீஸ்ல டொமைன் சர்வர் (எல்லார் லாகினையும் ஒரே இடத்துல பாத்துக்கிற சர்வர்) இருந்தா இவ்வளவு தேட வேண்டாம். அந்த சர்வரோட, அதாவது டொமைன் கன்ட்ரோலரோட, செக்யூரிட்டி லாக்ல (பூட்டு இல்ல, Log, நடந்ததை பதிவு பண்ற இடம்) 4740 நம்பர் ஈவென்ட்டை தொறந்தா எந்த மெஷின்லருந்து லாக் ஆச்சுன்னு காலர் கம்ப்யூட்டர் நேம்ல பேரோட காட்டும். க்ளவுடா இருந்தா அட்மின் பக்கத்துல சைன்-இன் லாக்னு (Log) ஒரு பதிவு இருக்கு, எந்த ஐபி (நெட் முகவரி), எந்த ஆப், எத்தனை மணின்னு எல்லாம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் க்ளவுட்ல சாதாரண செட்டிங்ல 10 தடவை தப்பா போட்டா 1 நிமிஷம் லாக் ஆகும், அதுக்கப்புறமும் தப்பா போட்டா லாக் நேரம் கூடிக்கிட்டே போகும், அதனால அவசரப்பட்டு தட்டுறது நேரத்தை இழுக்கத்தான் செய்யும்.

அந்த பதிவுல உங்க போனும் இல்ல உங்க கம்ப்யூட்டரும் இல்ல, தெரியாத ஊர்ல தெரியாத ஐபி காட்டுதுன்னா கதை வேற, யாரோ உங்க பாஸ்வேர்டை ஊகிச்சு பாத்துக்கிட்டு இருக்காங்க. அப்ப லாக் ஆனது உங்களுக்கு நல்லதுதான். அட்மின்கிட்ட சொல்லுங்க, லாக் ஆகுற எண்ணிக்கையை கூட்டி வைக்க சொல்லி மட்டும் கேக்காதீங்க.

"ஓடிபி வரமாட்டேங்குது"

எஸ்எம்எஸ் ஓடிபி வரலன்னா எல்லாரும் செய்யறது ரீசென்டை நாலு தடவை அழுத்துறது. பெரும்பாலான சைட்ல கடைசியா கேட்ட ஓடிபி மட்டும்தான் செல்லும், ஆனா மெசேஜ் வரிசையா வராது, முதல்ல கேட்டது லேட்டா வந்து சேரும், அதை போட்டா இன்வேலிட்னு சொல்லும், உடனே மறுபடி ரீசென்ட். ஒரு தடவை அழுத்திட்டு ரெண்டு நிமிஷம் சும்மா இருங்க.

அதுக்கும் வரலன்னா ஸ்க்ரீன்ல காட்டுற கடைசி நாலு நம்பரை பாருங்க, அது இப்ப யார்கிட்ட இருக்க நம்பர்? வேலைய விட்டு போனவர் நம்பராவோ, ஆடிட்டர் ஆபீஸ் நம்பராவோ, ரீசார்ஜ் பண்ணாம விட்ட ரெண்டாவது சிம்மாவோ இருக்கும். வேலிடிட்டி முடிஞ்ச சிம்முக்கு மெசேஜ் வர்றது நின்னுடும், போன்ல சிக்னல் காட்டுறதை வச்சு நம்ப வேண்டாம். மெசேஜ் ஆப்ல ஸ்பேம் ஃபோல்டரையும் ஒரு தடவை தொறந்து பாருங்க.

ஈ-வே பில், ஈ-இன்வாய்ஸ் போர்ட்டல் விஷயத்தை இங்க கொஞ்சம் விளக்கமா சொல்லியே ஆகணும். டூ ஃபேக்டர் லாகின் 2023 ஆகஸ்ட் 20லருந்து 100 கோடிக்கு மேல டர்ன்ஓவர் உள்ளவங்களுக்கு கட்டாயமாச்சு, 2025 ஜனவரி 1ல 20 கோடிக்கு மேல, பிப்ரவரி 1ல 5 கோடிக்கு மேல, ஏப்ரல் 1லருந்து எல்லாருக்கும்னு வந்துடுச்சு. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, லாரி லோடாகி நிக்கும், டிஸ்பாட்ச்ல இருக்க தம்பி ஈ-வே பில் போட உக்காருவார், ஓடிபி முதலாளி போனுக்கு போகும், முதலாளி கல்யாண வீட்ல இருப்பார், "சார் ஓடிபி வந்துச்சுங்களா, கொஞ்சம் சொல்லுங்க சார்"னு போன் மேல போன். முதலாளியும் யார் கேட்டாலும் ஓடிபியை படிச்சு சொல்லி பழகிடுறார். இந்த பழக்கம்தான் எனக்கு பயமா இருக்கு, ஏன்னா நாளைக்கு டிஸ்பாட்ச் தம்பி மாதிரியே பேசி வேற எவனாவது கேட்டாலும் அதே வேகத்துல சொல்லிடுவார்.

இதுக்கு வழி போர்ட்டல்லயே இருக்கு. மெயின் ஐடியில உள்ள போயி யூசர் மேனேஜ்மென்ட்ல சப்-யூசர் உருவாக்குங்க, டிஸ்பாட்ச்ல இருக்கவருக்கு அவர் பேர்ல ஒண்ணு, பில்லிங்ல இருக்கவருக்கு அவர் பேர்ல ஒண்ணு, அவங்கவங்க மொபைல் நம்பரை குடுங்க, ஓடிபி அவங்கவங்களுக்கே போகும். யாருக்கு எது வரைக்கும் அனுமதின்னு தனித்தனியா வைக்கலாம், ஆள் வேலைய விட்டு போனா அந்த சப்-யூசரை மட்டும் நிறுத்திடலாம், மெயின் பாஸ்வேர்டை மாத்தி ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்ல. எஸ்எம்எஸ் நம்பிக்கை இல்லன்னா சந்தேஸ் (Sandes)னு அரசாங்கத்தோட மெசேஜ் ஆப்ல ஓடிபி வாங்கலாம், என்ஐசி ஜிஎஸ்டி ஷீல்டுன்னு ஒரு ஆப்பும் இருக்கு, அது போன்லயே 30 செகண்டுக்கு ஒரு கோட் போடும், நெட் கூட தேவையில்ல, சிக்னல் இல்லாத குடோனுக்கு அதுதான் சரி. அந்த ஆப்பை ஈ-வே பில் போர்ட்டல்ல உள்ள போயி அங்க குடுத்திருக்க லிங்க்லருந்தே இறக்குங்க, யாரோ அனுப்புற ஃபைலை வாங்கி போடாதீங்க.

"ஆப்ல வர்ற ஆறு நம்பரை போட்டா தப்புன்னு வருது"

கூகுள் ஆத்தென்டிகேட்டர், ஜோஹோ ஒன்ஆத், மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர், மேல சொன்ன ஷீல்ட் ஆப், எதுவா இருந்தாலும் முதல் சந்தேகம் போனோட கடிகாரத்து மேல இருக்கட்டும். முதல் தடவை க்யூஆர் ஸ்கேன் பண்ணப்ப ஒரு ரகசிய சாவி உங்க போன்லயும் சர்வர்லயும் ஒண்ணா பதிவாச்சு, அதுக்கப்புறம் ரெண்டும் பேசிக்கிறதே இல்ல, ரெண்டு பக்கமும் அந்த சாவியையும் இப்ப மணி என்னங்கிறதையும் வச்சு தனித்தனியா ஒரே கணக்கை போடுது, விடை ஒண்ணா இருந்தா உள்ள விடும். 2011ல வந்த பொது விதிமுறை இது, 30 செகண்டுக்கு ஒரு தடவை விடை மாறும். உங்க போன் ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடியோ பின்னாடியோ ஓடினா கணக்கு ஒத்துவராது. பஸ் புடிக்கணும்னு போன் டைமை அஞ்சு நிமிஷம் ஃபாஸ்டா வச்சிருக்கவங்க இருக்காங்க, அவங்களுக்கு இது எப்பவுமே ஆகாது. செட்டிங்ஸ்ல டேட் அண்ட் டைம் போயி ஆட்டோமேட்டிக்னு போட்டுட்டு, டைம் ஜோன் இந்தியாவான்னும் பாத்துட்டு, அடுத்த புது கோட் வர்ற வரைக்கும் நின்னு அதை போடுங்க.

டைம் சரியா இருந்தும் ஆகலன்னா ஆப்ல ஒரே பேர்ல ரெண்டு என்ட்ரி இருக்கான்னு பாருங்க. நடுவுல ஒரு தடவை அட்மின் ரீசெட் பண்ணி புது க்யூஆர் ஸ்கேன் பண்ணியிருப்பீங்க, பழைய என்ட்ரியும் அழியாம கோட் போட்டுக்கிட்டே இருக்கும், அதுக்கு உயிர் கிடையாது. புதுசுல உள்ள போக முடியுதுன்னு உறுதியான பிறகு பழசை அழிங்க, அவசரத்துல மாத்தி அழிச்சுடாதீங்க.

"புது போன் வாங்கிட்டேன், ஆப்ல ஒண்ணுமே இல்ல"

பழைய போன் இன்னும் கைல இருந்தா பாதி கவலை இல்ல. கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல ட்ரான்ஸ்ஃபர் அக்கவுண்ட்ஸ்னு இருக்கு, க்யூஆர் காட்டும், புது போன்ல ஸ்கேன் பண்ணா வந்துடும், 2023 ஏப்ரலுக்கு அப்புறம் கூகுள் அக்கவுண்டோட சிங்க் பண்ற வசதியும் வந்துடுச்சு. மைக்ரோசாஃப்ட் ஆப்ல பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணாலும் ஆபீஸ் அக்கவுண்டுக்கு பேர் மட்டும்தான் வரும், மறுபடி சைன்-இன் பண்ணித்தான் உயிர் குடுக்கணும், இது தெரியாம பழைய போனை எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு வந்து நிக்கிறவங்க ஜாஸ்தி. கடைக்கு போறதுக்கு முந்தின நாளே ரெண்டு போனையும் பக்கத்துல வச்சு ஒவ்வொரு அக்கவுண்டா மாத்திட்டு, உள்ள போய் பாத்துட்டு, அப்புறம் பழசை அழிங்க.

போன் தொலைஞ்சே போச்சுன்னா பேக்கப் கோட் (போன் இல்லாதப்ப போடுற கோட்) எடுத்து வச்சிருந்தீங்களான்னு யோசிங்க, சில சாஃப்ட்வேர்ல அதை முன்னாடியே எடுத்து வச்சுக்கலாம். அதுவும் இல்லன்னா அட்மின்தான், மைக்ரோசாஃப்ட்ல அட்மின் டெம்பரரி ஆக்சஸ் பாஸ் போட்டு குடுக்கலாம், குறிச்ச நேரத்துக்கு மட்டும் செல்லும், அதுல உள்ள போயி புது போனை சேத்துக்கலாம்.

அட்மினா இருக்கவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். "போன் தொலைஞ்சுடுச்சு, அவசரம், ரீசெட் பண்ணுங்க"ன்னு யார் கூப்பிட்டாலும், அது எம்டி குரலாவே இருந்தாலும், கட் பண்ணிட்டு ஹெச்ஆர் ரெக்கார்ட்ல இருக்க நம்பருக்கு நீங்களா கூப்பிடுங்க, அந்த நம்பரே தொலைஞ்சிருந்தா அவர் மேனேஜரை வச்சு நேர்லயோ வீடியோலயோ பாத்து உறுதி பண்ணுங்க. திருடன் வர்ற வழியும் இதே போன் கால்தான். அஞ்சு நிமிஷம் லேட் ஆனா யாரும் செத்துட மாட்டாங்க.

"நான் லாகினே பண்ணல, அப்ரூவ் பண்ண சொல்லி போன்ல வருது"

இதுக்கு ஒரே பதில், அப்ரூவ் பண்ணாதீங்க. டினை (Deny) பட்டனை அழுத்துங்க, "இது நான் இல்ல"ன்னு ரிப்போர்ட் பண்ற ஆப்ஷன் இருந்தா அதையும் அழுத்துங்க. பெரும்பாலும் அந்த நோட்டிஃபிகேஷன் வருதுன்னாலே யாரோ உங்க பாஸ்வேர்டை சரியா போட்டுட்டாங்கன்னு அர்த்தம், கதவுல மிச்சம் இருக்கறது உங்க போன் ஒண்ணுதான். உடனே நீங்களா சைட்டை தொறந்து பாஸ்வேர்டை மாத்துங்க, அதே பாஸ்வேர்டை வேற எங்கயாவது போட்டிருந்தா அங்கயும் மாத்துங்க, ஐடிக்கு சொல்லுங்க.

2022 செப்டம்பர்ல ஊபர் கம்பெனிக்குள்ள ஆள் புகுந்தது இப்படித்தான். ஒரு கான்ட்ராக்டரோட பாஸ்வேர்ட் கிடைச்சுருச்சு, திரும்ப திரும்ப லாகின் பண்ணி அவருக்கு அப்ரூவல் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, கடைசில ஒண்ணை அவர் அப்ரூவ் பண்ணிட்டார், அவ்வளவு பெரிய கம்பெனியோட உள் சிஸ்டம் வரைக்கும் போயிட்டாங்க. ராத்திரி தூக்கத்துல போன் விடாம அடிச்சா யாருக்கும் கை தானா போகும், அதனாலதான் மைக்ரோசாஃப்ட் 2023 மே மாசத்துலருந்து வெறும் அப்ரூவ் பட்டனை எடுத்துட்டு, ஸ்க்ரீன்ல வர்ற ரெண்டு இலக்க நம்பரை போன்ல அடிக்கிற மாதிரி மாத்துனாங்க. இப்பவும் ஆபத்து போகல, "ஐடி டிபார்ட்மென்ட்லருந்து பேசுறோம், 47ன்னு அடிங்க"ன்னு போன்ல சொல்லுவாங்க. உங்க கண்ணு முன்னாடி இருக்க ஸ்க்ரீன்ல வராத நம்பரை யார் சொன்னாலும் அடிக்காதீங்க.

"பாஸ்வேர்ட் போட்டா மறுபடி லாகின் பேஜுக்கே வருது"

இன்காக்னிடோ விண்டோ தொறந்து அதுல போட்டு பாருங்க. அதுல ஆகுதுன்னா அக்கவுண்ட்ல ஒண்ணும் கெடல, ப்ரவுசர்ல ஒட்டியிருக்க பழைய குக்கீயோ (சைட் உங்களை ஞாபகம் வச்சுக்க போட்டு வைக்கிற குறிப்பு) ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனோதான். மொத்த ஹிஸ்டரியையும் அழிக்காதீங்க, அட்ரஸ் பார்ல இடது ஓரத்துல இருக்க ஐகானை தொட்டு அந்த சைட்டோட குக்கீயை மட்டும் அழிச்சா போதும். ஒரே ப்ரவுசர்ல சொந்த ஜிமெயிலும் ஆபீஸ் ஐடியும் க்ளையண்ட் குடுத்த ஐடியும் கலந்து கிடந்தாலும் இப்படி சுத்தும், ஆபீசுக்கு தனி ப்ரவுசர் ப்ரொஃபைல் வச்சுக்கிட்டா இந்த தொல்லை பெரும்பாலும் போயிடும்.

புக்மார்க்கையும் பாருங்க. லாகின் பேஜ் தொறந்திருக்கப்ப அப்படியே புக்மார்க் பண்ணியிருப்பீங்க, அந்த நீளமான அட்ரஸ்ல அன்னைக்கு ஒரு தடவைக்கு மட்டும் போட்ட டோக்கன் இருக்கும், அது காலாவதி ஆகி நாளாச்சு. அதை அழிச்சுட்டு சாஃப்ட்வேரோட முகப்பு பக்கத்தை புக்மார்க் பண்ணுங்க.

"சிவப்பு கலர்ல பாதுகாப்பு இல்லன்னு பேஜ் வருது"

கம்ப்யூட்டர்ல தேதி என்ன காட்டுதுன்னு பாருங்க. அஞ்சாறு வருஷம் பழசான டெஸ்க்டாப்ல மதர்போர்ட்ல இருக்க வட்டமான சிஆர்2032 பேட்டரி தீர்ந்துருச்சுன்னா கரண்ட் போயி வந்ததும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், சைட்டோட சர்டிஃபிகேட் இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னு ப்ரவுசர் நினைச்சு தடுத்துடும். பேட்டரியை மாத்தி டைமை சரி பண்ணா முடிஞ்சது. ஹோட்டல், ஏர்போர்ட் வைஃபையில இருந்தா அவங்க லாகின் பேஜ் இன்னும் முடியாம இருக்கும், அதை முடிங்க, இல்லன்னா போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுங்க. தேதியும் சரி, நெட்டும் சரி, அப்பவும் சிவப்புன்னா அட்வான்ஸ்டை தொட்டு உள்ள போற வேலையே வேண்டாம், அட்ரஸை எழுத்து எழுத்தா பாருங்க, ஐடிக்கு போட்டோ அனுப்புங்க.

"ஆபீஸ்ல ஆகுது, வீட்லருந்து ஆகல"

பல சமயம் இது பழுதே இல்ல, அப்படி வேணும்னேதான் வச்சிருப்பாங்க, குறிப்பிட்ட ஐபிலருந்து மட்டும், கம்பெனி லேப்டாப்லருந்து மட்டும்னு விதி இருக்கும். விபிஎன் (வெளியிலருந்து ஆபீஸ் நெட்டுக்கு பாதுகாப்பா போற தனி வழி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, இருந்தும் ஆகலன்னா அட்மின்தான் சொல்லணும். வீட்ல இருந்தபடி வெப்ல பாஸ்வேர்ட் மாத்துனவங்களுக்கு லேப்டாப் தொறக்க பழைய பாஸ்வேர்டும் மெயிலுக்கு புதுசும்னு ரெண்டா நிக்கும், லேப்டாப்புக்கு புதுசு இன்னும் தெரியாது. பழசுல தொறந்து, விபிஎன் போட்டு, ஸ்க்ரீனை லாக் பண்ணி புதுசை போட்டு தொறங்க, ஒண்ணாகிடும்.

சின்ன கம்பெனிகள்ல இதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருக்காங்க, அதை பாக்குறப்ப எல்லாம் மனசு கெட்டுப் போகுது. வீட்லருந்து டேலி பாக்கணும்னு ரவுட்டர்ல 3389 போர்ட்டை (வெளியிலருந்து உள்ள வர்ற கதவு மாதிரி) தொறந்து விட்டு ரிமோட் டெஸ்க்டாப்பை நேரா இன்டர்நெட்ல வச்சிருப்பாங்க, பாஸ்வேர்ட் கம்பெனி பேரும் ஒரு 123ம். இன்டர்நெட் முழுக்க அந்த போர்ட்டை தேடிக்கிட்டு ப்ரோக்ராம்கள் ராத்திரி பகலா ஓடிக்கிட்டு இருக்கு, கிடைச்சதும் பாஸ்வேர்டை தட்ட ஆரம்பிச்சுடும், உள்ள வந்துட்டா டேலி டேட்டா மொத்தத்தையும் என்க்ரிப்ட் பண்ணிட்டு (சாவி இல்லாம படிக்க முடியாதபடி மாத்திட்டு) பணம் கேப்பாங்க, அதே மெஷின்ல வச்சிருந்த பேக்கப்பும் சேந்து போகும். அந்த போர்ட்டை இன்னைக்கே மூடுங்க. விபிஎன் வழியா மட்டும் உள்ள வர்ற மாதிரி வைங்க, இப்ப நல்ல ரவுட்டர்லயே விபிஎன் வசதி இருக்கு, அதுக்கும் டூ ஸ்டெப் போடுங்க, பேக்கப்பை தனியா கழட்டி வைக்கிற டிஸ்க்ல எடுங்க.

"டேலில கம்பெனி பேர் இருக்க இடத்துல வெறும் நட்சத்திரமா இருக்கு"

அது டேலிவால்ட், டேட்டாவையே என்க்ரிப்ட் பண்ணியிருக்காங்க. அந்த பாஸ்வேர்டை மறந்தா திரும்ப எடுக்க வழியே கிடையாது, டேலிக்காரங்களாலயும் முடியாது, எடுத்து தர்றேன்னு காசு கேக்குறவங்களை நம்பி டேட்டாவை அனுப்பாதீங்க. வால்ட் போடறதுக்கு முன்னாடி எடுத்த பேக்கப் இருந்தா அதுல இருந்து ஆரம்பிக்கலாம். இனிமே அந்த பாஸ்வேர்ட் ஒருத்தர் தலைக்குள்ள மட்டும் இருக்க வேண்டாம், முதலாளியும் அக்கவுண்டன்ட்டும் பாஸ்வேர்ட் மேனேஜர்ல வச்சுக்கட்டும், இல்ல ஒட்டின கவர்ல போட்டு பீரோல பூட்டி வைக்கட்டும். உள்ள போக தனித்தனி யூசர் ஐடி போடுறது வேற விஷயம், அதையும் சேத்து போட்டுக்கோங்க.

"உள்ள போயிட்டேன், ஆனா பர்மிஷன் இல்லன்னு சொல்லுது"

பாஸ்வேர்டை மாத்தாதீங்க, லாகின் நல்லாத்தான் இருக்கு. உங்க ரோலோ லைசென்ஸோ குடுக்கலன்னு அர்த்தம், எந்த ஸ்க்ரீன் வேணும்னு சொல்லி அதை மட்டும் கேளுங்க. மொத்தமா அட்மின் உரிமை கேக்காதீங்க, குடுத்தாலும் வாங்காதீங்க.

"மெயில்ல வந்த லிங்க்ல லாகின் பண்ணேன், ஒண்ணும் தொறக்கல"

இதை படிச்சுட்டு இருக்கப்பவே பண்ணிட்டீங்கன்னா ஆபீஸ்ல திட்டுவாங்களேன்னு மறைக்காதீங்க, ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். போலி லாகின் பேஜ் இப்பல்லாம் பாஸ்வேர்டை மட்டும் திருடறதில்ல, நடுவுல நின்னு நீங்க போடுற ஓடிபியையும் வாங்கி உண்மையான சைட்ல போட்டு, உள்ள போனதுக்கான குக்கீயையே எடுத்துக்கும். அதனால பாஸ்வேர்டை மட்டும் மாத்துனா சில சமயம் அவங்க உள்ளயே இருப்பாங்க.

வேற ஒரு நம்பிக்கையான கம்ப்யூட்டர்லருந்து, அட்ரஸை நீங்களே அடிச்சு உள்ள போங்க. பாஸ்வேர்டை மாத்துங்க, எல்லா டிவைஸ்லருந்தும் சைன்-அவுட் பண்ற ஆப்ஷனை அழுத்துங்க, டூ ஸ்டெப் செட்டிங்ல உங்களுக்கு தெரியாத போனோ நம்பரோ சேந்திருக்கான்னு பாத்து தூக்குங்க. பணம் போயிருந்தா 1930க்கு உடனே போன் பண்ணுங்க, பேங்குக்கும் சொல்லுங்க, சீக்கிரம் சொன்னாத்தான் போற வழியில நிறுத்தி வைக்க முடியும்.

ஒரு பேஜ் போலியான்னு முன்னாடியே தெரிஞ்சுக்க, உங்க பாஸ்வேர்ட் மேனேஜர் எப்பவும் தானா நிரப்புற இடத்துல இன்னைக்கு நிரப்பலன்னா அதையே எச்சரிக்கையா எடுத்துக்கோங்க, அது அட்ரஸை எழுத்து எழுத்தா பாக்கும், நம்ம கண்ணு பாக்காது. பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்கு பதிலா போன்லயோ கம்ப்யூட்டர்லயோ இருக்க சாவி) உங்க சாஃப்ட்வேர்ல இருந்தா அதுக்கு மாறிடுங்க, எந்த சைட்டுக்கு போட்டமோ அந்த அட்ரஸ்ல மட்டும்தான் அது வேலை செய்யும், போலி பேஜ்ல நீங்களே குடுக்கணும்னு நினைச்சாலும் குடுக்க முடியாது. ஈ-வே பில்லுக்கு வர்றப்ப அட்ரஸ் ஜிஓவி டாட் இன் (.gov.in)னு முடியுதான்னு பாருங்க.

கடைசியா மெயில் செட்டிங்ல ஃபார்வர்டிங்கையும் ரூல்ஸையும் தொறந்து பாருங்க, இதை பெரும்பாலும் யாரும் பாக்குறதில்ல. உள்ள வந்தவங்க "இன்வாய்ஸ்", "பேமென்ட்"னு வர்ற மெயிலை மட்டும் வெளி ஐடிக்கு அனுப்பிட்டு உங்க கண்ணுல படாத ஃபோல்டருக்கு தள்ளுற மாதிரி ரூல் போட்டு வச்சிருப்பாங்க, பாஸ்வேர்ட் மாத்துனாலும் அந்த ரூல் அப்படியே இருக்கும், அப்புறம் உங்க பேர்ல பையருக்கு "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு"ன்னு மெயில் போகும். அப்படி ஒரு ரூல் இருந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு அழிங்க, இப்ப பேமென்ட் வர வேண்டிய பார்ட்டிகள் அத்தனை பேருக்கும் மெயில் போடாம போன்லயே கூப்பிட்டு, நம்ம அக்கவுண்ட் நம்பர் மாறல, பழைய நம்பருக்கே போடுங்கன்னு சொல்லிடுங்க.